பகிடியின் விலை

அரசவையிலே அனைவரிலும் துணிவு மிக்கவன் விகடகவியே. மந்திரியும் தளபதியும் வாய் பொத்தி நிற்கும் இடத்தில், அரசனைப் பார்த்து நகைப்பதற்கு அவன் ஒருவனுக்கே உரிமை உண்டு. ஆயினும் அந்தி சாய்ந்ததும் அவன் உண்பது அரண்மனை மடைப்பள்ளிச் சோற்றையே. சோறிடுபவனை எள்ளிக்கொண்டே அவனுடைய சோற்றை எவ்வளவு காலத்துக்கு உண்ண முடியும்? என்றோ ஒரு நாள் எள்ளலைக் கைவிட வேண்டும். அன்றேல் சோற்றைக் கைவிட வேண்டும். இரண்டையும் கைவிடாதவன் வெறும் அரண்மனைச் சேவகனாகி விடுவான்.

இன்று அரசவைகள் பெரும்பாலும் மறைந்து போயின. அவற்றின் ஆசனத்திலே சந்தை வீற்றிருக்கின்றது. சந்தைக்கும் விகடகவிகள் உண்டு. அவர்களுள் மிகத் துணிந்த இருவரின் வரலாற்றையும், தம் பகிடிக்கு அவர்கள் கொடுத்த விலையையும் இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகின்றோம். இருவரும் பிரித்தானியாவைச் சேர்ந்தவர்கள். இளைஞரை ஆட வைக்கும் இசையே அவர்களின் தொழில். 'கே. எல். எஃப்.' என்னும் மூன்றெழுத்துப் பெயரால் உலகம் அவர்களை அறியும்.

பெட்டிக்குள் ஒரு வாத்தியக் கோஷ்டி

வரலாற்றுக்குள் புகுமுன் அவ்விசையின் இயல்பைச் சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். இலத்திரனியல் நடன இசையின் ஒரு பெருங்கிளை, அமெரிக்காவின் சிக்காக்கோ நகரத்து நடனசாலைகளிலே 1980 களின் முற்பகுதியில் 'ஹவுஸ்' என்னும் பெயருடன் முளைத்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அது பிரித்தானியாவைப் பற்றிக்கொண்டது. அவ்விசைக்கு மத்தளக்காரர் வேண்டியதில்லை. மத்தள ஓசையை எழுப்பும் பெட்டி ஒன்று போதும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முறை, களைப்பும் பிசகும் இன்றி, விடியும் வரை அது அடித்துக்கொண்டிருக்கும். 'சாம்பிளர்' என்பது இன்னொரு பெட்டி. எந்த இசைத்தட்டிலிருந்தும் ஒரு கணத்து ஒலியை வெட்டியெடுத்து, வேண்டிய சுருதியில் வேண்டிய போதெல்லாம் அதைத் திரும்ப ஒலிக்கச் செய்வது அதன் வேலை.

இதனால் மேடையிலே ஒரு சங்கடம் எழுந்தது. வீணை வித்துவானின் விரல்களைப் பார்த்து நாம் வியக்கலாம். விசையைத் திருகுபவரின் விரல்களைப் பார்த்து வியப்பதற்கு என்ன உண்டு? ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாவிலே கண்ணுக்கும் விருந்து வேண்டுமே! ஆகவே வேடிக்கை இத்தொழிலின் ஓர் அங்கமாயிற்று. பிரான்சின் 'டாஃப்ட் பங்க்' இருவரும் இயந்திர மனிதரைப் போலத் தலைக்கவசம் தரித்தனர். கனடா தேசத்து 'டெட்மவுஸ்' பெரியதோர் எலித் தலையைச் சூடினார். சுவீடனின் 'டாடா லைஃப்' இருவரும் வாழைப்பழத்தையும் ஷாம்பேன் மதுவையுமே தம் இலச்சினை ஆக்கிக்கொண்டனர். திரளோ இவற்றையெல்லாம் கண்டு களித்தது. தன்னைத் தானே பெரிதாக எண்ணாத கலைஞனிடத்திலே மக்களுக்கு இயல்பாகவே ஒரு பற்று உண்டு.

ஆயினும் வேடிக்கை வேறு, அங்கதம் வேறு. வேடிக்கை பெட்டியின் மேலே பூச்சூட்டும்; அங்கதம் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். கே. எல். எஃப். இருவரும் மூடியைத் திறந்தவர்கள்.

வெட்டியும் ஒட்டியும்

பில் ட்றமண்ட் 1953 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிற் பிறந்து ஸ்கொத்லாந்திலே வளர்ந்தவர். லிவர்பூல் நகரிலே இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைக் கூட்டாக நடத்தி, பாடற் குழுக்களுக்கு முகாமையாளராக இருந்து, பெரிய கொம்பனி ஒன்றிலும் பணியாற்றியவர். ஆகவே அத்தொழிலின் அடுப்படி வரை அறிந்தவர். ஜிம்மி கோற்றி ஓவியர். பதினேழு வயதிலேயே அவர் தீட்டிய சுவர்ப்படம் ஒன்று பிரித்தானிய இளைஞரின் அறைகளை எல்லாம் அலங்கரித்தது.

1987 ஆம் ஆண்டு இருவரும் கூடினர். 'ஜஸ்டிஃபைட் ஏன்ஷன்ற்ஸ் ஒஃப் மு மு' என்று வாயில் நுழையாத ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டனர். 'இலுமினேற்றஸ்' என்னும் அமெரிக்கக் கற்பனை நவீனத்திலே, உலகை ஆளும் மறைகுழுவை எதிர்த்துக் குழப்பம் விளைவிப்போரின் பெயரைத் தழுவியது அது. 1976 இல் அந்நவீனம் லிவர்பூலில் நாடகமானபோது அதற்கு மேடைக் காட்சி அமைத்தவர் ட்றமண்ட். அந்நவீனத்திலே அடிக்கடி தோன்றும் 23 என்னும் எண் இவர்களை அன்று பற்றிக்கொண்டது, பின்னர் விடவேயில்லை. சில காலத்தின் பின்னரே கே. எல். எஃப். என்னும் பெயர் நிலைத்தது. அவ்வெழுத்துகளுக்குப் 'பதிப்புரிமை விடுதலை முன்னணி' என்பது பொருள் என்று உலகோர் கொண்டனர்.

முதல் இசைத்தொகுதிக்கு 1987 என்னும் ஆண்டே தலைப்பின் முன்பாதி ஆயிற்று. அதிலே பிறர் பாடல்களிலிருந்து ஒலித் துண்டுகளை அநுமதி கேளாமலே வெட்டி ஒட்டியிருந்தனர். சுவீடன் நாட்டு 'அபா' குழுவின் புகழ்பெற்ற பாடல் ஒன்றும் அவ்வாறு அகப்பட்டது. உரிமையாளர் சார்பில் முறைப்பாடு எழுந்தது; விற்காத பிரதிகளை மீட்டு அழிக்குமாறு கட்டளையும் வந்தது. இருவரும் என்ன செய்தனர்? அபா குழுவினரை நேரிற் கண்டு நியாயம் கூறப்போவதாகச் சொல்லிச் சுவீடனுக்குப் பயணமாயினர். காணக் கிடைக்கவில்லை. கொண்டு சென்ற தட்டுகளிற் பலவற்றை அங்கே ஒரு வயல்வெளியிலே தீயிட்டனர். எஞ்சியவற்றைத் திரும்பும் வழியிலே கப்பலிலிருந்து வட கடலில் எறிந்தனர்.

கதை இதனோடு முடியவில்லை. அதே தொகுதியைத் திருட்டுத் துண்டுகள் நீக்கி மறுபடியும் வெளியிட்டனர். துண்டுகள் இருந்த இடங்களில் மௌனம். உறையிலே ஒரு குறிப்பு: இன்ன இன்ன பழைய இசைத்தட்டுகளை எடுத்து, இன்ன இன்ன இடத்திலே நீங்களே ஒலிக்கச் செய்து, பாட்டைப் பூர்த்தி செய்து கொள்ளுங்கள்! சட்டத்தின் எழுத்துக்கு ஒழுகி அதன் உள்ளத்தைக் கிள்ளும் இக்கலையைப் பாடசாலை மாணவர் எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் வண்டி பாடிய பாட்டு

1988 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே பிரித்தானியாவின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்ற பாடலைப் 'பாடியது' ஒரு மோட்டார் வண்டி. பி. பி. சி. தொலைக்காட்சியில் 1963 முதல் வெளிவந்த 'டொக்டர் ஹூ' தொடரின் இசையையும், பழைய ஆரவாரப் பாடல்களின் தாளத்தையும் கலந்து இவ்விருவருமே அதை ஆக்கினர். 'ரைம் லோட்ஸ்' என்று வேறொரு பெயரைப் பூண்டு, தம் குழுவின் தலைமைப் பாடகர் தமது பழைய அமெரிக்கப் பொலிஸ் காரே என்று அறிவித்தனர். படங்களிலும் அதுவே முன்னின்றது. விமரிசகர் முகம் சுளித்தனர். மக்கள் வாங்கித் தள்ளினர்.

வென்றவர் பலர் அடுத்துச் செய்வது இரண்டாம் வெற்றியைத் தேடுவது. இவர்களோ ஒரு புத்தகம் எழுதினர். முதலிடம் பெறும் பாடலை எளிதாக ஆக்குவது எப்படி என்பதே அதன் பொருள். அதன் போதனைகளுட் சிலவற்றை நம் சொல்லிலே சுருக்கித் தருகின்றோம். கையிற் காசில்லாமல், வேலையும் இல்லாமல் இருத்தல் நன்று. வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருப்பது அவசியமன்று. பாட்டு மூன்றரை நிமிடத்துக்கு மேற்படலாகாது. ஆடத்தக்க தாளம் ஆதி முதல் அந்தம் வரை ஓட வேண்டும். தொடக்கம், சரணம், பல்லவி, மறுபடி சரணம், மறுபடி பல்லவி, சற்றே ஓய்வு, இரட்டிப்பு நீளமுள்ள பல்லவி, முடிவு: இதுவே வரிசை. சொற்கள் கொஞ்சம் இருக்கட்டும், அதிகம் வேண்டாம். இவ்வண்ணம் செய்து தோற்றால் புத்தகத்தின் விலையைத் திருப்பித் தருவோம் என்று ஓர் உறுதியும் அதில் இருந்தது.

பகிடி என்று எண்ணிச் சிரித்தவர் பலர். ஒஸ்திரியா நாட்டிலே 'எடல்வைஸ்' என்னும் குழுவினர் சிரித்ததோடு நிற்கவில்லை. புத்தகத்தின் வழியைப் பின்பற்றி, மலைநாட்டுக் கூவலையும் அபா குழுவின் ஒரு மெட்டையும் நடனத் தாளத்திலே பிணைத்தனர். அப்பாடல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலே பெருவெற்றி கண்டது. மருந்துச் சீட்டு கேலிக்காக எழுதப்பட்டது. நோயாளியோ குணமடைந்து விட்டான்!

இவ்விடத்திலே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பொதுமக்களின் இதயத்திலிருந்து தானே பொங்கி எழுவதாக நாம் நம்பும் வெற்றிப் பாட்டு, ஒரு சமையற் குறிப்பின்படி ஆக்கத்தக்கது என்பதை இவ்விருவரும் வாதத்தால் அன்று, செயலாற் காட்டினர். விகடகவி அரசனின் முடியைக் கழற்றி, அது அட்டையாற் செய்தது என்று சபைக்குக் காட்டியதற்கு இது ஒப்பாகும்.

இல்லாத கூட்டத்தின் ஆரவாரம்

1988, 1989 ஆகிய ஆண்டுகளிலே பிரித்தானிய இளைஞர் பாழடைந்த பண்டகசாலைகளிலும் திறந்த வயல்களிலும் இரவிரவாகக் கூடி ஆடலாயினர். இலண்டன் மாநகரைச் சுற்றி ஓடும் 'எம் 25' நெடுஞ்சாலை 1986 இற் பூர்த்தியானது. மாலையிலே அச்சாலையில் வண்டிகள் அணிவகுக்கும். விழா நடக்கும் இடம் கடைசி நேரத்திலேதான் தொலைபேசி வாயிலாகத் தெரியவரும். அக்கூட்டங்களிலே போதைப் பொருள்களும் புழங்கின என்பதை மறைப்பதற்கில்லை. அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம், அநுமதியின்றி விழா நடத்துவோருக்கு 20,000 பவுண் வரை தண்டம் விதிக்க வழி செய்தது. 1994 ஆம் ஆண்டுச் சட்டமோ, இரவிலே திறந்த வெளியிற் கூடுவோரைக் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளித்தபோது, அவ்விசை இன்னதென்று வரையறுக்கவும் முற்பட்டது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடிகளின் தொடர்ச்சி என்னும் பொருள்பட ஒரு வாசகம் பாராளுமன்றச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. கே. எல். எஃப். இருவரும் எழுதியிருக்க வேண்டிய அங்கதத்தைச் சட்டவாக்குநரே எழுதிவிட்டனர்!

1989 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட் மாகாணத்திலே நடந்த அத்தகைய விழாவொன்றில் கே. எல். எஃப். தோன்றினர். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கையிலே, 1,000 பவுண் பெறுமதியான ஒரு பவுண் தாள்களைக் கூட்டத்தின் மேல் வாரி இறைத்தனர். அவை ஸ்கொத்லாந்துத் தாள்கள். இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண் தாள் 1988 இலேயே வழக்கொழிந்து போயிருந்தது. 'பிள்ளைகளே, உங்களை நேசிக்கின்றோம்' என்னும் கருத்துப்பட அத்தாள்களிலே எழுதியிருந்தனர். கலைஞருக்குக் கூட்டம் காசு கொடுப்பதே உலக வழக்கு. கூட்டத்துக்குக் கலைஞர் காசு கொடுத்தது அன்றுதான் போலும்.

அவர்களின் பெருவெற்றிகள் அடுத்து வந்தன. 'வட் ரைம் இஸ் லவ்', 'திறீ ஏ. எம். இற்றேர்னல்', 'லாஸ்ற் றெயின் ரு றான்சென்றல்' என்னும் மூன்று பாடல்களையும் 'ஸ்ரேடியம் ஹவுஸ்' என்று தாமே அழைத்தனர். விளையாட்டரங்கில் நிறைந்த மக்கள் வெள்ளத்தின் முன் நேரடியாகப் பாடியது போன்ற ஆரவாரம் அவற்றில் எழும். 'றான்சென்றலில் நேரடியாக' என்று முதற் பாடலின் தட்டின் மேலும் அச்சிட்டிருக்கும். உண்மையிலே அரங்கும் இல்லை, கூட்டமும் இல்லை. றான்சென்றல் என்பது தென் இலண்டனிலே கோற்றி குடியிருந்த பழைய வீடு. ஆரவாரம் பின்னர் சேர்க்கப்பட்டது. எனினும் அதைக் கேட்ட இளைஞர், தாமும் அக்கூட்டத்தில் ஒருவராகி விட்டதாக உணர்ந்தனர். விழா என்பது திடலில் நிகழ்வதா, நெஞ்சில் நிகழ்வதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

'திறீ ஏ. எம். இற்றேர்னல்' 1991 இன் தொடக்கத்திலே பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அவ்வாண்டின் இறுதியிலே அமெரிக்க நாட்டார் இசையின் மூத்த பாடகி ரமி வைனெற்றை அழைத்து ஒரு பாடலைப் பாடுவித்தனர். தம் கணவருக்குத் துணை நிற்கும் பெண்ணைப் பற்றி 1968 இற் பாடி உலகப் புகழ் பெற்ற அம்மையார், இப்பொழுது மு மு நாட்டையும் ஐஸ்கிறீம் வண்டியையும் பற்றிச் சிறிதும் சிரியாமற் பாடினார். அப்பாடலும் பல நாடுகளில் முதலிடம் பெற்றது. 1991 ஆம் ஆண்டிலே உலகில் மிகுதியாகத் தனிப்பாடற் தட்டுகளை விற்றோர் இவர்களே என்று சொல்லப்படுகின்றது. தட்டுகளை வெளியிட்ட நிறுவனமும் அவர்களுடையதே. ஆகவே இலாபமும் அவர்கள் கைக்கே வந்தது.

எள்ளிய கைக்கே அரசன் பொற்கிழியை நீட்டிவிட்டான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் நிலை இங்கேதான் ஆரம்பமாகின்றது.

பரிசளிப்பு மண்டபத்திலே

1992 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி இலண்டனில் பிரித்தானிய இசைத் தொழிலின் வருடாந்தப் பரிசளிப்பு விழா நடைபெற்றது. சிறந்த பிரித்தானியக் குழு என்னும் பரிசு, வேறொரு குழுவுடன் பங்காக, கே. எல். எஃப்.க்குக் கிடைத்தது. அவர்கள் தமது இனிய நடனப் பாடலைச் செவியைப் பிளக்கும் இன்னொரு குழுவோடு சேர்ந்து அலறலாக மாற்றிப் பாடினர். ஸ்கொத்லாந்துப் பாவாடை தரித்து, ஊன்றுகோலிற் சாய்ந்து, சுருட்டுப் புகைத்தவாறு நின்ற ட்றமண்ட், பாட்டின் முடிவிலே வெற்றுத் தோட்டாக்கள் நிறைத்த இயந்திரத் துப்பாக்கியால் சபையோரை நோக்கிச் சுட்டார். கே. எல். எஃப். இசைத் தொழிலை விட்டு நீங்கினர் என்று ஓர் அறிவித்தல் ஒலித்தது. விருந்து மண்டபத்தின் வாயிலிலே செத்த ஆடொன்று கிடத்தப்பட்டிருந்தது. அச்செயலை நாம் இரசிக்கவில்லை. வாயில்லாச் சீவனின் உடலைப் பகிடிக்குக் கருவியாக்குதல் அழகன்று.

சபையோர் இதனையும் ஒரு விளம்பரம் என்றே எண்ணினர். ஆனால் அவ்வாண்டு மே மாதத்திலே இருவரும் தம் விலகலைப் பத்திரிகையிற் பிரசுரித்து, தம் இசைத்தட்டுகள் அனைத்தையும் பிரித்தானிய விற்பனையிலிருந்து அகற்றினர். நாளுக்கு நாள் காசு பொழிந்துகொண்டிருந்த மரத்தைத் தாமே வெட்டிச் சாய்த்தனர். பொற்கிழியைப் பெற்றுக்கொண்டு நகைப்பைத் தொடர்வோர் பலர். மடைப்பள்ளியை விட்டே வெளியேறிய விகடகவிகள் மிகச் சிலர். இவர்களின் பகிடி வெறும் வியாபார உத்தியன்று என்பதற்கு இச்செயலே சாட்சி.

ஒரு பரிசும் ஒரு தீயும்

கையில் இருந்த செல்வத்தை என் செய்வது? 'கே பவுண்டேஷன்' என்று ஒரு ஸ்தாபனத்தை அமைத்தனர். பிரித்தானிய ஓவிய சிற்ப உலகிலே 'ரேணர் பரிசு' மிகப் பெரியது. 1993 இல் அதன் தொகை 20,000 பவுண். இவர்கள் அவ்வாண்டின் மிக மோசமான கலைஞருக்கு 40,000 பவுண் என்று விளம்பரம் செய்தனர். இரண்டையும் ஒருவரே பெற்றார். கிழக்கு இலண்டனிலே ஒரு வீட்டின் உட்புறத்தைச் சீமெந்தில் வார்த்தெடுத்து 'வீடு' என்று பெயரிட்ட றேச்சல் வைற்றீட் என்னும் சிற்பியே அவர். ரேணர் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. அவமதிப்புப் பரிசை அவர் முதலில் ஏற்கவில்லை. ஏற்காவிடில் பணம் எரிக்கப்படும் என்றனர். ஏற்றார், ஆனால் தமக்கென ஒரு சதமும் வைத்துக்கொள்ளவில்லை. தேவையுள்ள கலைஞருக்கும், வீடற்றோருக்கு உதவும் 'ஷெல்ற்றர்' என்னும் ஸ்தாபனத்துக்கும் பகிர்ந்தளித்தார்.

1994 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் திகதி அதிகாலை. ஸ்கொத்லாந்தின் மேற்கே ஜூறா என்னும் தீவிலே, கைவிடப்பட்ட படகுக் கொட்டில் ஒன்றில், ஒரு பத்திரிகையாளரும் படம் பிடிக்கும் நண்பர் ஒருவரும் சாட்சியாக நிற்க, ட்றமண்டும் கோற்றியும் பத்து இலட்சம் பவுணை எரித்தனர். ஐம்பது பவுண் தாள்கள், இருபதினாயிரம். எரித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். இவர்கள் அளந்துதான் போட்டார்கள்: சரியாகப் பத்து இலட்சம்!

பொருளியல் பயிலும் மாணவர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். பணத் தாள் எரிந்ததால் நாட்டிலே ஒரு மணி அரிசியோ ஒரு செங்கல்லோ குறையவில்லை. பணம் என்பது பொருளன்று. பொருளைக் கேட்டுப் பெறும் உரிமைச் சீட்டு. ஒருவன் தன் சீட்டை எரித்தால் அவன் பெறக்கூடிய பங்கு, கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக மற்றெல்லாருக்கும் போய்ச் சேரும். ஆகவே ஏழைகளின் சோற்றை எரித்தார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொருந்தாது. ஆனால் அந்தப் பத்து இலட்சத்தையும் இன்ன வீட்டுக்கு, இன்ன பிள்ளைக்கு என்று சுட்டிக் கொடுக்கும் ஆற்றல் அவர்கள் கையில் இருந்தது. அந்த ஆற்றலே எரிந்தது. அவர்கள் கொடுத்த நாற்பதினாயிரம் ஒரு பெண்ணின் கையிலே வீடற்றோருக்கு உதவியாயிற்று. அவர்கள் வைத்திருந்த பத்து இலட்சம் அவர்கள் கையிலே சாம்பலாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்பொழுது எது உயர்ந்த மறுமொழி என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஏன் எரித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர்களால் ஒரு போதும் தெளிவான விடை கூற இயலவில்லை. அப்படத்தை ஊர் ஊராகக் காட்டி, பார்த்தவர்களையே காரணம் கேட்டனர். பின்னர் 23 ஆண்டுகளுக்கு அதுபற்றிப் பேசுவதில்லை என்று தமக்குள் ஒப்பந்தம் செய்தனர். ஆயினும் 2004 இல் ட்றமண்ட் பி. பி. சி.க்கு மனம் திறந்தார். அச்செயலைத் தம் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினமாக இருக்கின்றது, காலம் செல்லச் செல்ல அது எளிதாவதாக இல்லை என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். சபையோரை நோக்கித் துப்பாக்கி நீட்டியவருக்குச் சாப்பாட்டு மேசையிலே பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடையில்லை. பத்திரிகைகள் எழுதிய கண்டனங்கள் யாவற்றிலும் கனமான தீர்ப்பு இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

எஞ்சியது என்ன?

2017 ஆகஸ்ட் 23 ஆம் திகதி, நள்ளிரவு கடந்து 23 ஆவது நிமிடத்தில், இருவரும் லிவர்பூலில் ஐஸ்கிறீம் வண்டி ஒன்றிலே மீண்டும் தோன்றினர். இசைக் கச்சேரி இல்லை. புதிய நவீனம் ஒன்றுடன் வந்திருந்தனர். இறந்தோரின் அஸ்தியில் 23 கிராமை உள்ளடக்கிய செங்கற்களை அடுக்கி, 34,592 கற்கள் கொண்ட 'மக்கள் பிரமிட்' ஒன்றை எழுப்பும் திட்டத்தையும் அறிவித்தனர். 2021 ஆம் ஆண்டின் முதல் நாளிலே, அகற்றிய பாடல்களிற் சில இணையத்தின் இசைச் சேவைகளில் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின. சந்தையின் பேழை வயிறு அவர்களையும் சீரணித்துவிட்டது என்று கூறுவோர் உளர். இருக்கலாம். பாட்டு இறுதியிலே கேட்போருக்கு உரியது. முப்பது ஆண்டுப் பட்டினி அதற்குப் போதும்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். விகடகவியின் நகைப்பு உண்மையானதா, கூலிக்கு நகைப்பதா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு: அந்நகைப்பினால் அவன் எதை இழந்தான்? மேடையிலே நுகர்வுலகைக் கேலி செய்து, மேடைக்குப் பின்னாலே அதே உலகின் காசோலையைக் கைநீட்டி வாங்கும் வேடிக்கைக்காரர் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் தீயோரல்லர், நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். ஆனால் அவர்களின் அங்கதம் சந்தைக்குச் சொறிந்துவிடும் சுகமே அன்றி வேறில்லை. கே. எல். எஃப். இருவரும் 1992 இலே தம் தட்டுகளை அகற்றிய போது பகிடிக்கு உரிய விலையைக் கொடுத்தனர். அதன் பொருள் எவர்க்கும் விளங்கிற்று; எவர்க்கும் தீங்கில்லை. 1994 இலே கொடுத்ததோ பகிடியின் விலையன்று. கேட்பவருக்குப் புரிந்து, சொல்பவருக்கும் புரிந்தால்தான் அது பகிடி. சொன்னவருக்கே புரியாதது வெறும் தீ.

ஆனால் அச்சிறு புத்தகம் எஞ்சி நிற்கின்றது. தீயிட்ட பத்து இலட்சத்தை மக்கள் பேசுகின்றனர். எமக்கோ அதனிலும் பெரிதாகத் தோன்றுவது, மூடியைத் திறந்து காட்டிய அந்தச் செயல். மாணவர்களே, நாளை ஒரு விழாத் திடலிலோ கைத்தொலைபேசியிலோ ஒரு பாட்டு உங்களைத் துள்ள வைக்கும்போது தாராளமாகத் துள்ளுங்கள். ஆடுவதிற் பிழையில்லை. ஆடிக் களைத்து அமர்ந்த பின், மூன்றரை நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். சரணம் எங்கே, பல்லவி எங்கே, இரட்டிப்புப் பல்லவி எங்கே வந்தது என்று கணக்கெடுங்கள். பின்னாலே எழுந்த ஆரவாரம் எந்தக் கூட்டத்தினுடையது என்று விசாரியுங்கள். அதன் பின்னரும் அப்பாட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால், அது உங்கள் பாட்டு.